எம்டிஅட்ம்: மிரரில் டிஸ்க் மாற்றும் நாளில் எப்படி?

லினக்ஸில் இரண்டு டிஸ்க்கை வைத்து மென்பொருள் வழியே ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ‘மிரர்’) போட்டிருப்பவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது எம்டிஅட்ம்தான். நீல் பிரவுன் 2001-இல் எழுதிய கருவி, காசு கிடையாது. ரெய்டை நடத்தும் தனி வன்பொருளான ரெய்டு கார்டு செத்துப்போனால் அதே மாடலைத் தேடி அலையும் தலைவலி இதில் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் பெட்டியில் செருகினால் அரே (சேர்ந்து இயங்கும் டிஸ்க் தொகுதி) எழுந்துவிடும். மாதக் கணக்கில் அது இருப்பதே தெரியாது. ஒரு டிஸ்க் போய், புதியதைச் செருகும் நாளில்தான் அதன் குணம் தெரியவரும்: வேலையைச் சரியாகச் செய்யும், ஆனால் ஏன் நின்றுவிட்டது என்று வாய் திறக்காது. காரணத்தை லினக்ஸ் மையத்தின் பதிவேடான கெர்னல் லாகில்தான் தேட வேண்டும்.

முதலில், செருகிய டிஸ்க் சுற்றவே இல்லையென்றால் எம்டிஅட்மைத் திட்ட வேண்டாம். சர்வருக்கான சில டிஸ்க்குகளில் சாட்டா பவர் இணைப்பின் 3-ஆம் பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் மோட்டார் நின்றுவிடும். பழைய பவர் சப்ளைகள் அந்த வோல்ட்டைக் கொடுக்கின்றன. மோலக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போட்டால் போதும்.

பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் (பிரிவு) அமைப்பைப் புதியதற்கு நகலெடுக்க எஸ்ஜிடிஸ்க் என்ற கட்டளை வசதியானதுதான், ஆனால் ஆபத்தானது. பெரிய ஆர் விருப்பத்தை ஒட்டி வருவது புதிய டிஸ்க்கின் பெயர், கடைசியில் வருவது பழையது. மாற்றிப் போட்டால் நல்ல டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை போயே போய்விடும். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறக்கூடியவை; சீரியல் எண்ணை வைத்தே அடையாளம் பாருங்கள். நகலெடுத்ததும் பெரிய ஜி விருப்பத்தால் அடையாள எண்களைப் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது, புதிய டிஸ்க்கை அரேயில் சேர்க்கும் ஆட் கட்டளை. ‘அரேயில் சேரும் அளவுக்குப் பெரிதில்லை’ என்று மறுத்தால் அது பொய் இல்லை. 4 டிபி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் செக்டார் (தரவு பதியும் சிறு துண்டு) எண்ணிக்கையைப் பாருங்கள். வழக்கமான 4 டிபி டிஸ்க்கில் 512 பைட் கணக்கில் 781,40,37,168 செக்டார்கள் இருக்கும். யூஎஸ்பி பெட்டியோ, ஹெச்பிஏ எனும் மறைவிடமோ சிலவற்றை விழுங்கியிருக்கலாம். முன்பு வேறொரு அரேயில் இருந்த டிஸ்க் என்றால் எம்டி127 என்று தனியாக எழுந்து உட்கார்ந்துகொண்டு ‘பிஸி’ என்னும். அதை நிறுத்தி, பழைய அரேயின் விவரம் பதிந்திருக்கும் சூப்பர்பிளாக்கை அழித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரேயின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் ஒரு ‘யு’வும் (இயங்கும் டிஸ்க்) ஒரு அடிக்கோடும் (இன்னும் தயாராகாத டிஸ்க்) தெரிந்து, ரெக்கவரி ஓடத் தொடங்கினால் வழி சரி. 4 டிபியை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் நகலெடுக்க ஏறக்குறைய ஏழரை மணி நேரம் பிடிக்கும். வேறு வேலை நடந்துகொண்டிருந்தால் வேகம் படுத்துவிடும். குறைந்தபட்ச வேக வரம்பு நொடிக்கு 1000 கேபி என்றுதான் இருக்கும், அதை உயர்த்தலாம். ‘பெண்டிங்’ என்று காட்டி நின்றால் அரே படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கிறது. ரீட்ரைட் கட்டளை கொடுத்தால் நகரும்.

நிஜமான வில்லங்கம் வேறு. ரீபில்ட் (புதியதற்கு நகலெடுக்கும் வேலை) பாதி ஓடி நின்று, புதிய டிஸ்க் பக்கத்தில் ‘எஸ்’ ஒட்டிக்கொண்டு ஸ்பேராகவே, அதாவது உதிரியாகவே கிடக்கும். புதியதை இரண்டு முறை மாற்றினாலும் அதே கதைதான், ஏனென்றால் பழுது பழைய டிஸ்க்கில். அதில் படிக்க முடியாத செக்டார் இருந்தால் நகலெடுக்க ஏதுமில்லை. டிஸ்க் தன் உடல்நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 197-ஆம் வரியை (படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்கள்) பாருங்கள். 199 (இணைப்புப் பிழைகள்) மட்டும் ஏறினால் கேபிளை மாற்றினால் தீரும். 197 ஏறியிருந்தால் அரேயை நிறுத்தி, பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூவால் வேறு டிஸ்க்குக்கு எடுக்க வேண்டும். ரீபில்ட் முடியும்வரை கழற்றிய டிஸ்க்கை அழிக்காதீர்கள். தொலைந்த அந்தச் செக்டார் அதில் உயிரோடு இருக்கலாம். இதற்காகவே ரீப்ளேஸ் என்ற கட்டளை இருக்கிறது: தள்ளாடும் டிஸ்க்கைக் கழற்றாமலே புதியதற்கு நகலெடுக்கும். பலர் இதைத் தொடுவதே இல்லை, டிஸ்க் கெட்டது என்று அறிவிக்கும் ஃபெயில் கட்டளையை நேராகக் கொடுத்துவிடுகிறார்கள்.

எந்த டிஸ்க் வாங்குவது? மேஜைக் கணினிக்கான டிஸ்க் கெட்ட செக்டாரோடு நிமிடக் கணக்கில் மல்லுக்கட்டும். லினக்ஸ் 30 நொடியில் பொறுமை இழந்து இணைப்பை ரீசெட் செய்யும், நல்ல டிஸ்க்கே அரேயைவிட்டு வெளியேறலாம். டிஸ்க் மல்லுக்கட்டும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் ஈஆர்சி வசதி இருந்தால் 7 நொடிக்கு வையுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸின் காத்திருப்பை 180 நொடி ஆக்குங்கள். பல டிஸ்க்குகளில் ஈஆர்சி அமைப்பு பவர் போனால் மறந்துபோகும், அதனால் பூட் ஸ்கிரிப்டில் போடுவதே நல்லது. எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் டிஸ்க்) வேண்டாம். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் 2 முதல் 6 டிபி டிஸ்க்குகள் சிலவற்றில் அந்த முறை இருப்பதை ஒப்புக்கொண்டது. பிறகு தடங்கள் படியாத வழக்கமான வகையான சிஎம்ஆருக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. மிரர் ரீபில்ட் வரிசையாக எழுதுவதால் எஸ்எம்ஆர் அதில் தப்பித்துவிடலாம்; சிதறலான எழுத்து சேர்ந்தால் தவழும்.

பூட் பகுதி விஷயத்தில் எம்டிஅட்மிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ரீபில்ட் முடிந்து இரண்டு ‘யு’வும் தெரிந்தாலும் புதிய டிஸ்க்கில் லினக்ஸைத் தொடங்கி வைக்கும் க்ரப் இருக்காது. யூஇஎஃப்ஐ பார்ட்டிஷன் (புதிய கணினிகள் பூட் ஆகும் பகுதி) மிரருக்கு வெளியே இருந்தால் அதையும் கையால்தான் நகலெடுக்க வேண்டும். பிறகு பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பெட்டி பூட் ஆகிறதா என்று ஒருமுறை பாருங்கள். மறுபடி செருகி ரீஆட் கட்டளை கொடுத்தால், பிட்மேப் (எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) இருக்கும் அரே மாறிய பகுதிகளை மட்டும் சரிசெய்துகொள்ளும்.

எம்டிஅட்முக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றைக் குறைத்தது, ஸ்பேராகக் கிடக்கும் டிஸ்க்குக்குக் காரணம் சொல்லாததற்காக.