லயத்துக் காட்சிக்கூடம்: போகிறவர்கள் காலையிலேயே போங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனை விட்டுச் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் பாதையில், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தின் ஒரு வரிசையைப் பழுதுபார்த்துக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம், கட்டணமும் குறைவுதான். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் போனால் சுவரில் மாட்டியிருப்பதைப் படித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

காலையில் அங்கே ஒரு பாட்டி இருப்பார், பல வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். பின்பக்கம் விட்டுவைத்திருக்கும் சில மரங்களில் வெட்டிக் காட்டுகிறார். இடப்பக்கம் மேலே உளியை வைத்து வலப்பக்கம் சரிவாக இழுக்கிறார், பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழுகிறது, பால் கோடு பிடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்குள் இறங்குகிறது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு அந்த இடம் முடிச்சு விழுந்துவிடும், அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது, தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் ஏச்சும் வாங்க வேண்டும் என்றார். ஏன் இருட்டிலேயே எழுந்து போனீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். "வெயில் ஏற ஏறப் பால் நின்னுடும்யா" என்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் சோறாக்கி, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியதையும் கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்.

உள்ளே இருக்கும் வீடும் நன்றாக இருக்கிறது. அடுப்படி, வாளி, அதைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, பால்கட்டியைத் தகடாக இழுக்கும் மெஷின் எல்லாமே பழைய சாமான்கள்தான்.

எனக்கு வருத்தம் சுவர்ப் பலகைகளில்தான். 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளைப் பற்றி விவரமாக இருக்கிறது, வெள்ளைக்காரத் துரைமார் படங்கள் வரிசையாக இருக்கின்றன, காட்டை அழித்துத் தோட்டமாக்கிய நம் ஆட்களுக்கு ஒரே ஒரு வரி. அந்த முதல் தலைமுறை எப்படிச் செத்தது என்று எங்கேயும் இல்லை. மலை ஓடைகள் நிழலில் ஓடியவரை பெரிய தொல்லை இல்லை, காட்டை வெட்டி வெயில் பட்டதும் அந்தத் தெளிந்த தண்ணீரிலேயே மலேரியாக் கொசு பெருகியது. அதாவது அவர்கள் வெட்டிய வெட்டே அவர்களுக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தது. மால்கம் வாட்சன் என்ற டாக்டர் இதை ஆராய்ந்து, மண்ணுக்கடியில் வாய்க்கால் போடவும் ஓடையில் எண்ணெய் தெளிக்கவும் வழி காட்டுவதற்குள் எத்தனையோ லயங்கள் காலியாகிவிட்டன. ஆள் சேர்க்கும் கங்காணிகள் தமிழ்நாட்டில் தங்கள் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களையே திரட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினார்களே, 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அது நடந்ததே, அதற்கும் ஒரு பலகை வேண்டாமா? பின்னாளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். அவர் பெயரையும் நான் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

வாசலில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பாலும் விற்கிறார்கள், ருசியாக இருக்கிறது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் இதைத் தின்றுதான் பல குடும்பங்கள் பிழைத்தன, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கொசு மருந்து தடவிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருக்கின்றன. தமிழிலும் வையுங்கள், பாட்டி பேசுவதை இப்போதே பதிவு செய்துவிடுங்கள் என்று வருகையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். போகிறவர்கள் தயவுசெய்து நீங்களும் எழுதுங்கள், நாலு பேர் கேட்டால்தான் செய்வார்கள்.