ரோமியோ ஜூலியட் பாலே: திடலிலா, மண்டபத்திலா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இந்த பாலே நடனத்துக்கு இடம் தேடினால் இரண்டுதான் கிடைக்கும்: தோட்டத் திடல், கோயில் மண்டபம்.

மண்டபத்தில் மழைக் கவலை இல்லை. கல்லறைக் காட்சிக்கு விளக்கை அணைத்தால் போதும். (இதன் இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் முதலில் காதலர்கள் பிழைப்பதாகத்தான் இசையமைத்தார், சாகிறவர்களால் ஆட முடியாது என்பது அவர் காரணம். அப்புறம் மாற்றிக்கொண்டார்.) ஆனால் சிமெண்டுக்கு மேல் ஓடு பதித்த தரை, குதித்து இறங்கும் முழங்காலுக்கு எமன்.

திடலில் எப்படியும் பலகை மேடை போடுவோம், கால் தப்பிக்கும். சிக்கல் ஈரம்தான். நுனிக்காலில் நிற்கும் காலணியின் முனை, துணியைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டியது. நனைந்தால் அப்பளம் மாதிரி நமுத்துவிடும். ஐரோப்பாவில் கோடை பார்த்துத் திறந்தவெளியில் ஆடுகிறார்கள். நமக்கு ஏது கோடை? ஜூன், ஜூலையில் மழை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். விளக்கைப் போட்டால் ஈசல் வேறு.

இருந்தாலும் என் ஓட்டு திடலுக்கே. பால்கனிக் காட்சிக்கு நிஜ நிலா, பின்னால் செம்பனை வரிசை. மண்டபம் என்றால் “நல்ல சேலை கட்டணுமே” என்று தயங்கும் பாட்டிமார், திடலுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்துவிடுவார்கள்.