பனிச்செதிலின் நிறை: ரேடாரை நம்புவதா, தரைக் கேமராவை நம்புவதா?

ஒரே அளவுள்ள இரண்டு பனிச்செதில்களில் ஒன்று பஞ்சாகவும் மற்றொன்று அதைவிடப் பல மடங்கு கனமாகவும் இருக்கக்கூடும். பனிப்பொழிவில் அடங்கிய நீரின் கணக்கு தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆகவே, செதிலின் நிறையை எது நம்பகமாகச் சொல்கிறது என்பதையே இந்த ஒப்பீட்டின் அளவுகோலாகக் கொள்கிறேன்.

ரேடார் பல கிலோமீட்டர் உயரம் வரை மேகத்தைச் சில நிமிடங்களில் துழாவிவிடும். ஆனால் அது தனிச் செதிலைக் காண்பதில்லை; எதிரொலிகளின் கூட்டுத்தொகையையே பெறுகிறது. செதில் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை எதிரொலி ஏறத்தாழ நிறையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 2 மில்லிகிராம் செதில் ஒன்று, 1 மில்லிகிராம் செதில்கள் நான்கு சேர்ந்து தருவதைத் தனியே தந்துவிடும். ஆனால் அந்த ஒற்றைச் செதிலில் உள்ள நீரோ, அந்த நான்கிலும் உள்ளதில் பாதிதான். இந்தச் சிக்கலை அவிழ்க்கவே 3 செ.மீ., 8 மி.மீ., 3 மி.மீ. என்ற வெவ்வேறு அலைநீளங்களில் ஒரே மேகத்தைப் பார்க்கிறார்கள். செதில் பெரிதாகும்போது குறுகிய அலையின் எதிரொலி முதலில் வலுவில் பின்தங்குவதால், அந்த வேறுபாடே அளவைக் காட்டிக்கொடுக்கிறது. கிடைமட்ட, செங்குத்து அலைகளை ஒப்பிடும் ரேடார் தட்டையான படிகங்களை நன்றாக இனங்காணும். பல படிகங்கள் பின்னிக்கொண்ட அடர்த்தி குறைந்த திரள்களிடம் அதன் திறமை அவ்வளவாகச் செல்லுபடியாகாது.

தரைக் கருவிகளும் ஒரே தரத்தவை அல்ல. மழைத்துளியை மனத்தில் வைத்து உருவாக்கிய லேசர் துளிமானியைப் பனிக்கு நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒழுங்கற்ற செதிலையும் துளிபோலவே அது கணக்கிடுகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான பல்கோணக் கேமராவோ, 36 பாகை இடைவெளியில் நிற்கும் மூன்று கண்களால் விழும் செதிலைப் படமெடுத்து, அதன் வேகத்தையும் அளக்கிறது. அதிகுளிர் நீர்த்துளிகள் (உறைநிலைக்குக் கீழும் உறையாமல் நீராகவே இருப்பவை) ஒட்டி உறைந்த செதிலில், கூரிய கிளைகள் மழுங்கி, மேலெல்லாம் ரவை அப்பியதுபோன்ற சொரசொரப்பு அந்தப் படத்தில் கண்ணுக்கே தெரியும். அளவு, வேகம், குறுக்குப்பரப்பு ஆகிய மூன்றும் கிடைத்தால், காற்றின் இழுவிசைக் கணக்கிலிருந்து நிறையை மதிப்பிடலாம். காற்று பலமாக வீசினால் இந்தக் கருவியும் ஏமாறும் என்பது வேறு விஷயம்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், விழுந்து சேரும் பனியை நிறுக்கும் எடைமானியுடன் கூடிய கேமராவையே தேர்வேன். ஏனெனில் ரேடாரிலிருந்து நிறையைப் பெற, அளவுக்கும் நிறைக்கும் உள்ள உறவை முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். 2014-இல் பின்லாந்தின் ஹூட்டியாலாவில் ரேடார்களையும் தரைக் கருவிகளையும் ஒன்றாக இயக்கியது இதனால் பொருள் பொதிந்தது. அங்கும் ஒரு தொல்லை உண்டு: நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்கும் செதில், 1 கி.மீ. உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ 17 நிமிடங்கள் ஆகும். அதற்குள் நொடிக்கு 10 மீட்டர் காற்று அதை 10 கி.மீ. தள்ளிவிட்டிருக்கும்; ஆகவே ரேடார் மேலே கண்ட செதிலையே கேமரா கீழே காண்கிறது என்று சொல்ல முடியாது.