கம்பமா, கேபிளா, ஜெனரேட்டரா: நாகைக் கடற்கரைக்கு எது தாங்கும்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிந்து பார்த்தால் டெல்டாவிலும் அக்கம்பக்க மாவட்டங்களிலும் சாய்ந்து கிடந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வேதாரண்யம் பக்கம் என் பெரியம்மா ஊரில் மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை, மோட்டாரும் நன்றாகத்தான் இருந்தது. கரண்ட் இல்லாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் ஊரார் காசு போட்டு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து டிராக்டரில் ஏற்றிவந்து தொட்டியை நிரப்பினார்கள். அதே ஜெனரேட்டரில் செல்போனுக்கு சார்ஜ் போட நின்ற வரிசை, குடத்தோடு நின்ற வரிசையைவிட நீளம்!

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு: கம்பத்தையே பலமாக நடுவதா, கேபிளை மண்ணுக்குள் புதைப்பதா, இரண்டையும் விட்டுவிட்டு முக்கியமான இடங்களுக்கு மட்டும் மாற்றுக் கரண்ட் வைப்பதா?

கம்பத்துக்காகப் பேச ஆள் குறைவு, ஆனால் அதன் பக்கமும் நியாயம் இருக்கிறது. செலவு குறைவு. பழுது கண்ணுக்குத் தெரியும். கஜாவுக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் லைன்மேன்கள் வந்து இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். யார் வந்தாலும் உடனே கைவைக்கக்கூடிய வேலை அது. ஆனால் வயலுக்குள் போகிற லைனுக்கு டெல்டா மண் எதிரி. ஐப்பசி கார்த்திகையில் ஊறிப்போன களிமண்ணில் கம்பம் தானாகவே சாயப் பார்க்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வேறு. கம்பம் தாங்கினாலும் மேலே விழுகிற மரத்தைத் தாங்குமா?

புதைவடம்தான் எல்லோரும் கேட்பது. 2014-இல் ஹுட்ஹுட் புயலில் அடிபட்ட விசாகப்பட்டினம் அந்த வழிக்குத்தான் போனது. இங்கேயும் உலக வங்கிக் கடனுதவியோடு கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி நகரங்களுக்குப் புதைவடத் திட்டம் எடுக்கப்பட்டது. காற்றுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். செலவு பல மடங்கு. பரவாயில்லை, ஒருமுறை செலவுதானே என்பார்கள்.

எனக்கு உறுத்துவது செலவு இல்லை, தண்ணீர். டெல்டாவுக்கு வருகிற பேரிடரெல்லாம் கஜா மாதிரி காற்றடித்துவிட்டுப் போவதில்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கேபிள் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கலாம். தெருமுனையில் நிற்கிற, கேபிளிலிருந்து வீடுகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டியான பில்லர் பாக்ஸ்? முழங்கால் தண்ணீர் அதற்குள் ஏறினால் ஆபத்துக்கு அஞ்சி லைனை அணைத்துத்தான் ஆக வேண்டும், வடியும்வரை போடவும் முடியாது. பாக்ஸை உயரமான மேடைமீது வைத்தால் இதைத் தவிர்க்கலாம். எங்கள் பக்கம் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டு உயர்த்துகிறார்களே, அந்த மேடை எத்தனை வருஷத்துக்கு மேடையாக இருக்கும்?

இன்னொன்று, உப்பு. நாகையில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும், அதுவும் உப்புநீர். கேபிள் இணைப்பில் சின்ன விரிசல் போதும், பழுதாகிவிடும். எங்கே பழுது என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டும், பிறகு ரோட்டைத் தோண்ட வேண்டும். வாய்க்கால் வேலைக்கு நகராட்சி இறக்குகிற பொக்லைனுக்குக் கேபிள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல ஒரு வரைபடமாவது கையில் வேண்டும்.

நகரத்துக்குள் எல்லாவற்றையும் புதைத்துவிட்டாலும், கரண்ட் நகரத்துக்கு வரும் வழி? 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சிக்குப் பக்கத்தில் கொள்ளிடத்துக்குள் நின்ற உயர் அழுத்த மின்கோபுரமே சரிந்து விழுந்தது. கடைமடையில் நாம் குடிக்கும் கூட்டுக் குடிநீரும் அதே கொள்ளிடத்தில் இறைத்து அனுப்புவதுதான். நாகைத் தெருவில் கேபிள் பதித்தால் கொள்ளிடக் கரை மோட்டார் ஓடிவிடாது.

அதனால்தான் மூன்றாவது வழிக்கு என் கை தூக்குகிறேன். எல்லா வீட்டுக்கும் கரண்டைக் காப்பாற்ற முடியாது என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு, தண்ணீர் இறைக்கும் இடம், ஆஸ்பத்திரி, செல்போன் கோபுரம், புயல் பாதுகாப்பு மையம் இந்த நான்கையும் மட்டும் விடாமல் ஓட வைப்பது. ஒவ்வொன்றிலும் வெள்ள மட்டத்துக்கு மேல் ஒரு ஜெனரேட்டர், வெளி ஜெனரேட்டர் வந்தாலும் உடனே மாட்ட ஒரு மாற்று சுவிட்ச், ஒரு வாரத்துக்கு டீசல். மின்விசிறி சுற்றாமல் பத்து நாள் இருந்துவிடலாம், தண்ணீர் இல்லாமல் இரண்டு நாள் தாங்காது. கூரையில் சூரியத் தகடு வைக்கலாமே என்று என் மச்சான் சொல்வார். வைக்கலாம், ஆனால் புயல் காற்றில் தகடு பறக்காமல் இருக்க வேண்டும், அடுத்து வரும் மூட்டத்தில் அது கொடுக்கிற கரண்டும் சொற்பம்.

இந்த வழியின் ஓட்டை எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். கம்பமும் கேபிளும் மின்வாரியம் ஒன்றின் பொறுப்பு. இந்த நான்கு இடங்களுக்கோ பல முதலாளிகள்: குழாய்க்குக் குடிநீர் வடிகால் வாரியமும் நகராட்சியும், தண்ணீர் எடுக்கிற ஆற்றுக்கு நீர்வளத்துறை, கோபுரத்துக்குத் தனியார். ஆறு மாதம் ஓடாத ஜெனரேட்டரின் பேட்டரி செத்துக் கிடந்தால் யாரைக் கேட்பது?

2025-இல் திருத்திய பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும், ஆணையர் தலைமையில் நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க இடம் கொடுக்கிறது. தஞ்சாவூர் 2014-இலும் கும்பகோணம் 2021-இலும் மாநகராட்சி ஆகிவிட்டன. புயல் முதலில் மோதுகிற நாகையும் வேதாரண்யமும் வெறும் நகராட்சிகள், ஆகவே பழையபடி கலெக்டர் தலைமையிலான மாவட்ட ஆணையம்தான். காரைக்காலுக்கு மின்துறையே வேறு, அது புதுச்சேரிக்குச் சேர்ந்தது. நாகூர் எல்லை தாண்டினால் அந்தப் பக்கத்துப் பழுதுக்கு இங்கிருந்து ஆள் போக வேண்டுமென்றால் அங்கேயும் இங்கேயும் பேச வேண்டும்.

ஆக, கையில் காசு கொஞ்சமாக இருந்தால் புரட்டாசிக்குள் முதலில் குடிநீர் மோட்டார்களுக்கு ஜெனரேட்டரும் சுவிட்சும். அடுத்து துணைமின் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரே ஒரு ஃபீடரை, அதாவது மின்பாதையை, மட்டும் புதைப்பது, பாக்ஸை மேடையேற்றி. கடைத்தெருவுக்குக் கேபிள் அதற்குப் பிறகு. வயல்வெளிக்குக் கம்பமே போதும். மாதம் ஒருமுறை ஜெனரேட்டரைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கிற ஆள் யார் என்பதை மட்டும் அந்த அறைக் கதவில் பெயர், செல் நம்பரோடு எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.