மேக்ஸிஸ் ஷார்ட்டி: ஒரு சேற்றுப் பருவம் ஓட்டிப் பார்த்த பிறகு

வாங்கும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேக்ஸிஸ் நிறுவனம் மலைச் சைக்கிளுக்காகச் செய்யும் சேற்று டயரான ஷார்ட்டியை முன் சக்கரத்துக்கு வாங்குங்கள், பின் சக்கரத்துக்கு வேண்டாம். டயரின் பக்கவாட்டில் டிஹெச் (கனமான உடல்) என்றும் மேக்ஸ்கிரிப் (மென்மையான ரப்பர்) என்றும் இரண்டும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏன் என்று கேட்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

நான் போட்டியில் ஓட்டுகிறவன் இல்லை. இங்கிலாந்தில் டீன் காட்டுப் பக்கம் என் மகள் ஓட்டும் சின்ன டவுன்ஹில் (சரிவில் சைக்கிளில் வேகமாக இறங்கும் போட்டி) அணிக்கு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக், அவ்வளவுதான். அணி என்றால் பெரிதாக எதுவும் இல்லை. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள், சில பெற்றோர், ஒரு பழைய வேன், காற்றடித்தால் பறக்கப் பார்க்கும் ஒரு கூடாரம். உலகக் கோப்பைக்காரர்கள் இலையுதிர் காலத்தோடு மூட்டை கட்டிவிடுவார்கள். எங்களுக்கு அதற்குப் பிறகுதான் பருவமே ஆரம்பம். நவம்பரிலிருந்து மார்ச் வரை உள்ளூர்க் காடுகளில் குறும்போட்டிகள் நடக்கும். காலையில் பயிற்சி, அப்புறம் ஒவ்வொருவராக மேலிருந்து இறங்கி நேரம் குறிக்கும் ஓட்டங்கள். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் எல்லாமே ஓட்டமும் நடையும்தான். 2023-இல் ஃபோர்ட் வில்லியமில் உலக சாம்பியனான சார்லி ஹாட்டன் டீன் காட்டுக்காரர். அதனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் மிடுக்கு.

இங்கே மண் களிமண். மழை கொட்டும் நாளில் அது கூழாக ஓடும். அது பரவாயில்லை. மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் பாதி காய்ந்து நிற்கும்போதுதான் வினை. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சக்கரம் சுற்றாது, அப்பிக்கொள்ளும். வழக்கமான பட்டன் டயரில் பட்டன்களுக்கு, அதாவது மேலே துருத்தி நிற்கும் ரப்பர் முண்டுகளுக்கு, நடுவே இடைவெளி குறைவு. அங்கே மண் போய் அடைத்துக்கொண்டால் டயர் வழவழவென்று ஆகிவிடும். பிரேக் பிடித்தும் பயனில்லை.

ஷார்ட்டியின் கதை சுவாரஸ்யமானது. மேக்ஸிஸிடம் ஏற்கெனவே வெட்ஸ்க்ரீம் என்று ஒரு முழுச் சேற்று டயர் உண்டு. உயரமான ஆணிகள் போன்ற பட்டன்கள். ஆழமான சேற்றில் அபாரம். ஆனால் அடியில் கெட்டித் தரை வந்தால் அந்த உயரமே எமனாகிவிடும். பட்டன் வளைந்து வண்டி தள்ளாடும். அதனால் போட்டி மெக்கானிக்குகள் அந்தப் பட்டன்களின் தலையைக் கையாலேயே வெட்டிக் குட்டையாக்கி ஓட்டக் கொடுப்பார்கள். குளிரில் கத்தரியோடு உட்கார்ந்து ஒரு டயர் முழுக்க வெட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வெட்டிய டயரைத் தொழிற்சாலையிலேயே செய்து கொடுத்ததுதான் ஷார்ட்டி. பட்டன் நடுத்தர உயரம், தள்ளித் தள்ளி வைத்த அமைப்பு, ஓரப் பட்டன்கள் தடிமன். மேலே கிடக்கும் சேற்றைக் குத்திக்கொண்டு போய் அடியில் உள்ள உறுதியான மண்ணைப் பிடிக்கும். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது இடைவெளியில் சிக்கிய மண் தானாகத் தெறித்து விழும். கவனியுங்கள், வேகமாகச் சுற்றும்போது. மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் இந்த டயரும் அப்பிக்கொள்ளத்தான் செய்யும். தொடக்கக் கோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியிலேயே பாதிக் காடு டயரோடு வந்துவிடும். அதற்காக ஒரு குச்சி கையில் இருப்பது நல்லது.

ஓட்டத்தில் என்ன வித்தியாசம்? இதை என் மகளிடம்தான் கேட்க வேண்டும். முதல் பயிற்சி முடிந்து வந்தவள், "அப்பா, முன்னாடி சக்கரம் எங்க போகுதுன்னு இப்பதான் தெரியுது" என்றாள். எனக்கு அதுவே போதும். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், பிள்ளைகள் அதை வேண்டுமென்றே செய்வார்கள். முன் சக்கரம் வழுக்கினால் நேராகத் தரைதான். முன்னால் நம்பிக்கை வந்ததும் பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கத் துணிகிறார்கள். ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும் தடத்தில் நேரம் குறைவது அங்கேதான். 2011-இல் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில் கொட்டும் மழையில் இங்கிலாந்து வீரர் டானி ஹார்ட் 11 நொடிக்கும் மேல் வித்தியாசத்தில் உலக சாம்பியன் ஆனாரே, அந்தக் காணொளியைப் பாருங்கள். மற்றவர்கள் பிரேக் பிடித்த இடத்தில் அவர் பிரேக்கை விட்டுவிட்டார். அந்தத் தைரியத்தை எந்த டயரும் விற்பதில்லை, அது வேறு விஷயம்.

இனி, இது எங்கே உதவாது? ஈரமான மர வேர். இங்கே பட்டனின் உயரத்தால் ஒன்றும் ஆகாது, ரப்பரின் மென்மைதான் காப்பாற்றும். அதனால்தான் மேக்ஸ்கிரிப் என்று அழுத்திச் சொல்கிறேன். அவர்களின் ரப்பர் வகைகளில் மிக மென்மையானது அதுதான். குளிரில் எந்த ரப்பரும் விறைக்கும் என்பதால் மென்மையானதில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். சீக்கிரம் தேயும், தேயட்டும். அடுத்தது பாறை. வட வேல்ஸில் பிளைனாய் ஃபெஸ்டினியோக் ஊரில் ஆன்டர் ஸ்டினியோக் என்று ஸ்லேட் சுரங்கப் பகுதியில் அமைந்த தடங்கள் உண்டு. அங்கே ஷார்ட்டியைப் போடுவது வீண். டவுன்ஹில் வீரர் கிரெக் மின்னாருக்காக மேக்ஸிஸ் கொண்டுவந்த அசெகாய் மாதிரி பட்டன் நெருக்கமான டயர்தான் சரி. மெர்தர் டிட்ஃபிலில் உள்ள பைக்பார்க் வேல்ஸும் அப்படித்தான். கல் பரப்பி, தண்ணீர் வடியும்படி போட்ட தடங்கள். மழையிலும் சேறு குறைவு. சேற்று டயர் போட்டுக்கொண்டு அங்கே போனால் வேகம் குறைவதுதான் மிச்சம்.

பின் சக்கரத்துக்கு ஏன் வேண்டாம் என்றேன் அல்லவா? எங்கள் அணியில் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தோம். மிதித்து வேகம் பிடிக்க வேண்டிய தட்டையான பகுதிகளில் பின்னால் ஷார்ட்டி இருந்தால் பிள்ளைகள் முனகுகிறார்கள். மேக்ஸிஸின் இன்னொரு டயரான மினியன் டிஹெச்ஆர் 2 பின்னால், ஷார்ட்டி முன்னால் என்பதில்தான் எல்லோரும் வந்து நின்றார்கள். இரண்டு டயர் வாங்கினால் 100 பவுண்டைத் தாண்டும் என்பதும் ஒரு காரணம், மறைக்கவில்லை. முழங்கால் வரை சேறு என்றால் இரண்டிலும் போடலாம். அப்படிப்பட்ட நாளில் போட்டியையே தள்ளிவைத்தால் இன்னும் நல்லது.

காற்று விஷயத்தில் ஒன்று. வீட்டுக்குள் 20 டிகிரியில் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துவிட்டு வெளியே 5 டிகிரியில் அளந்தால் 23 பக்கம் காட்டும். டயர் கசியவில்லை, குளிர்தான். டவுன்ஹில்லில் 2 பிஎஸ்ஐ என்பது பெரிய விஷயம். ஆகவே தடத்துக்கு வந்து, வண்டி அரை மணி நேரம் வெளியே நின்ற பிறகு அளந்து சரிசெய்யுங்கள். என் மகளுக்கு முன்னால் 22, பின்னால் 25 சரியாக இருந்தது. எடை கூடியவர்கள் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கேசிங், அதாவது டயரின் துணி உடல், பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஷார்ட்டி என்ற ஒரே பெயரில் எக்ஸோ, எக்ஸோ ப்ளஸ், டபுள்டவுன், டிஹெச் என்று பல கனங்களில் விற்கிறார்கள். நாங்கள் டிஹெச் கேட்டோம். ஒரு இணையக் கடை எக்ஸோவை அனுப்பிவிட்டு, "எல்லாம் ஒரே டயர்தான்" என்று பதில் எழுதியது. ஒரே டயர் இல்லை. டிஹெச்சில் இரண்டு அடுக்குத் துணி. எடை ஒரு கிலோவுக்கு நன்றாக மேலே போகும். குறைந்த காற்றில் கல்லில் மோதினாலும் ரிம் நசுங்காமல் இருப்பது அந்தக் கனத்தால்தான். மாற்றித் தருவதற்குள் ஒரு போட்டி போய்விட்டது. டயரில் டபுள்யூடி (அகல ரிம்முக்கான குறி) என்று போட்டிருந்தால் 30 முதல் 35 மி.மீ. வரை உள் அகலமுள்ள ரிம்முக்கானது. பழைய ஒடுக்கமான ரிம் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

மாட்டுவது கஷ்டம்தான். விறைத்த விரல்களோடு டிஹெச் டயரை ரிம்மில் ஏற்றுவது சாமானியமில்லை. முந்தின நாள் இரவு வீட்டுக்குள் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, டயரில் உள்ள அம்புக்குறி ஓடும் திசையைப் பார்க்கிறதா என்று சரிபார்த்து ஏற்றிவிடுங்கள்.

மார்ச் முடிவில் கழற்றிக் கழுவியபோது முன் டயரின் ஓரப் பட்டன்கள் இன்னும் கூர்மையாகத்தான் இருந்தன. அடுத்த நவம்பருக்கும் அதே டயர் போதும். மிச்சமாகும் பணம் பிரேக் பேடுக்குப் போகிறது. இந்தச் சேறு டயரை விட வேகமாக அதைத்தான் தின்கிறது.