விராலுக்கு பிரெய்ட், கெண்டைக்கு மோனோ, நடுவில் ஒரு முடிச்சு

தூண்டில் நரம்பில் மூன்று வகை: நைலான் மோனோ (ஒற்றை இழை), ஃப்ளூரோகார்பன் (இதுவும் ஒற்றை இழை, பொருள் வேறு), பிரெய்ட் (பல மெல்லிய இழைகளைப் பின்னியது). விலை கூடியதை வாங்கினால் எல்லா மீனுக்கும் ஆகும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஏரி, குளம், அணையில் அந்தக் கணக்கு செல்லாது. மீனும் அது கிடக்கும் இடமும்தான் நரம்பை முடிவு செய்கின்றன.

விராலையே எடுத்துக்கொள்வோம். ஆகாயத்தாமரைக்கும் அல்லி இலைக்கும் அடியில் கிடக்கிற மீன். ரப்பர் தவளையை இலை மேல் இழுத்து வரும்போது அடிக்கும், அடித்த கையோடு கொடிக்குள் தலையை நுழைத்துவிடும். மோனோ நீளும் குணமுள்ளது. தூண்டில் கோலான ராடைத் தூக்கின வேகத்தில் பாதி நரம்பு நீள்வதிலேயே போய்விடும், முள் மீன் வாயில் ஏறாது. பிரெய்ட் நீளவே நீளாது என்று சொல்லலாம். கொடித் தண்டையும் அறுத்துக்கொண்டு வரும். 30 பவுண்டு இழுப்பைத் தாங்கும் பிரெய்டின் பருமன் ஏறக்குறைய 8 பவுண்டு மோனோ அளவுதான். அதனால் 50 பவுண்டு போட்டாலும் ரீலில் இடம் இருக்கும். விராலுக்கு லீடரே (நரம்பின் முனையில் இணைக்கும் வேறு நரம்புத் துண்டு) வேண்டாம் என்பது என் முடிவு. இணைப்பு முடிச்சு இருந்தால் பாசி அதில்தான் சேரும். பாலோமர் முடிச்சில் தவளையை நேராகக் கட்டிவிடலாம்.

ரோகு, கட்லா என்றால் நிலைமை தலைகீழ். தவிடும் புண்ணாக்கும் பிசைந்து போட்டுக் காத்திருக்கும்போது, எடுத்த மீன் ஒரே ஓட்டமாக ஓடும். அந்த இழுப்பை மோனோவின் நீட்சி வாங்கிக்கொள்ளும். மெல்லிய வாய் கிழியாமல் முள் நிற்கும். அணை ஓரத்துப் பாறையில் உரசினால் பிரெய்டின் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும், அதே இடத்தில் மோனோ கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஒரு குறை, நைலான் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் வலுவிழக்கும். ரீலில் சுற்றியதை வருடக்கணக்கில் வைத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். ஜிலேபிக்கு 4 முதல் 6 பவுண்டு மோனோவும் சின்னத் தக்கையும் தாராளம்.

ஃப்ளூரோகார்பனைப் பற்றித்தான் மிகைப்பேச்சு அதிகம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.53க்குப் பக்கம். தண்ணீரின் எண்ணுக்கு நெருங்கி இருப்பதால் தெளிந்த நீரில் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும் என்பது உண்மை. மழைக்குப் பின் செம்மண் கலங்கிய ஏரியில் அதற்கு என்ன வேலை? இதன் நிஜமான பலம் வேறு: உரசலைத் தாங்கும், தண்ணீரில் மூழ்கும். முழு ரீலுக்கும் சுற்றினால் சுருள் சுருளாக எழும்பும், ஆகவே பிரெய்டின் முனையில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் லீடராகப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். மூழ்கி ஓடும் லூருக்கு (செயற்கை இரைக்கு) நல்லது. மேலே மிதக்கும் பாப்பர் என்ற லூருக்குப் போட்டால் அதன் மூக்கைக் கீழே இழுக்கும்.

சரி, பிரெய்டையும் லீடரையும் எப்படி இணைப்பது? டபுள் யூனி, எஃப்ஜி என்ற இரண்டு முடிச்சுகளுக்கும்தான் போட்டி. டபுள் யூனி எளிது: பிரெய்ட் பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 4 சுற்று, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்கினால் முடிந்தது. ஆனால் லீடர் தடித்தால் முடிச்சும் உருண்டு, வீசும்போது ராடு வளையத்தில் தட்டும். எஃப்ஜியில் லீடர் மடங்குவதே இல்லை. பிரெய்ட் மாறி மாறி 20 சுற்று அதன் மேல் ஏறி, இழுக்க இழுக்க அதைக் கவ்விப் பிடிக்கிறது. இறுக்கும்போது பிரெய்டின் நிறம் கருத்து, லீடருக்குள் பதிந்ததுபோல் தெரிய வேண்டும். வெளுத்தே இருந்தால் வழுக்கும், அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். பதிந்த பிறகுதான் லீடரின் மிச்சத்தை ஒட்ட நறுக்கி, பிரெய்டால் நாலைந்து அரை முடிச்சு போட்டு மூட வேண்டும்.

தடித்த லீடருக்கு எஃப்ஜிதான் என் தேர்வு. ஆனால் கரையில் காற்றடிக்கும்போது அதைக் கட்டுவது பெரும்பாடு. முந்தின நாள் வீட்டிலேயே கட்டி எடுத்துப் போங்கள். அங்கே அறுந்தால் டபுள் யூனி போட்டு அன்றையப் பொழுதை ஓட்டலாம். நறுக்கிய நரம்புத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கரையில் விட்டால் கொக்கின் காலில் சுற்றும்.