மன்றாட்டுமாலை செயலி: மூன்று நட்சத்திரம்

புராட்டஸ்டன்ட் வீட்டில் வளர்ந்தவள் நான். ‘கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே மத்தியஸ்தர் இயேசு ஒருவரே’, 1 தீமோத்தேயு 2:5 என்று பாட்டி விரல் நீட்டிச் சொல்வார். கத்தோலிக்கரான கணவர் இந்தச் செயலியை என் போனில் ஏற்றினார். புனிதர்களை வரிசையாகப் பெயர் சொல்லி வேண்டும் ஜெபமான புனிதர் மன்றாட்டுமாலையைக் காதால் கேட்டபோதுதான் உறைத்தது: கடவுளிடம் ‘இரக்கமாயிரும்’, புனிதர்களிடமும் அதிதூதர் மிக்கேலிடமும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’. அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஜெபிக்கச் சொல்வதில்லையா, அது மாதிரி.

சரி, இறந்தவர்களுக்கு நாம் கேட்பது எட்டுமா? விளக்கப் பகுதி திருவெளிப்பாடு 5:8இல் வரும், இறைமக்களின் ஜெபங்களாகிய தூபம் நிறைந்த பொற்கிண்ணங்களைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. புனிதர்களை நினைவுகூரலாம், உதவிக்கு அழைப்பதற்கு வேதத்தில் ஆதாரமில்லை என்று சொல்லும், லூத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையைப் பற்றி மூச்சே இல்லை. மன்றாட்டின் நடுவில் விளம்பரம் வேறு! கணவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.